ஸ்மால் பஃபர் தீரும் சிஸ்கோ 1841: தேடிப் பிடித்த விதம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி யூனிட். இணைய இணைப்பு ஈதர்நெட் கேபிளாகவே வந்து இறங்குகிறது. அதை வாங்கி, நாட் (ஒரே இணைய முகவரியைப் பலருக்குப் பகிரும் முறை) போட்டு, உள்ளே இருக்கும் எழுபது எண்பது கணினிகளுக்குக் கொடுப்பது ஒரு சிஸ்கோ 1841 ரவுட்டர். பழைய பெட்டிதான், ஆனால் அந்த வேலைக்கு அது தாராளம். காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது நன்றாக ஓடும். மதியத்துக்கு மேல் இழுக்க ஆரம்பிக்கும். மாலை நான்கு மணி வாக்கில் மொத்தமாகப் படுத்துவிடும். அங்கே சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் தம்பி வைத்திருந்த வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிருதுங்ணா. நாளைக்கு மறுபடியும் இதே நேரத்துக்கு வந்துருது."

இந்த ஆஃப்-ஆன் வைத்தியத்தில் ஒரு கெடுதல் உண்டு. ரவுட்டரின் பஃபர் (பாக்கெட்டுகள் தற்காலிகமாகத் தங்கும் மெமரித் துண்டு) கணக்குகள், உள்நினைவில் இருக்கும் லாக், யார் எவ்வளவு மெமரி பிடித்திருந்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதோடு போய்விடும். ஆகவே அடுத்த முறை படுக்கும்போது சுவிட்சைத் தொடாதே, என்னைக் கூப்பிடு என்று சொல்லியிருந்தேன். நான் போய்ச் சேரும்போது பெட்டி அரை உயிரோடு இருந்தது. நெட்வொர்க் வழியாக நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்ளே விடவில்லை. ரவுட்டரில் நேரடியாகக் கன்சோல் கேபிள் போட்டு, புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் லாக் ஃபைலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

அதற்கு முன் ஊழியர்கள் சொன்ன ஒரு தகவலைக் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் விடை பாதி அதிலேயே இருந்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் மெயில் வேலை செய்கிறதாம். புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். ஒரு முறை திறந்துவிட்டால் அப்புறம் அந்தத் தளமும் சரியாக வருகிறதாம். இதைக் கேட்டால் யாருக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மேல்தான் சந்தேகம் போகும். அவர்களும் டிஎன்எஸ் முகவரியை மாற்றிப் பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை.

முதலில் லாக். அதில் சிஸ்-2-மேலக்ஃபெயில் வரிகள் வரிசையாக நின்றன. மெமரி கேட்டேன், கிடைக்கவில்லை என்று ரவுட்டர் புலம்பும் வரி அது. இந்த வரியில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்தப் பூல் என்பது. ஐ/ஓ என்று இருந்தால் பாக்கெட்டின் உடல் தங்கும் மெமரி தீர்ந்திருக்கிறது. புராசசர் என்று இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவான மெமரி தீர்ந்திருக்கிறது. இங்கே புராசசர். இரண்டாவது, எந்த புராசஸ் கேட்டது என்பது. இங்கே ஆர்ப் இன்புட். ஒரு ஐபி முகவரிக்கு உரிய எம்ஏசி முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, எது என்று கேட்டறிவதுதான் ஆர்ப். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. மெமரி தீர்ந்த நேரத்தில் கை நீட்டியவரின் பெயர்தான் அந்த வரியில் வரும். தின்று தீர்த்தவர் வேறு ஆளாக இருக்கலாம்.

அடுத்தது ஷோ பஃபர்ஸ். ஸ்மால் பகுதியை மட்டும் தருகிறேன், மற்றவை அமைதியாக இருந்தன.

ஸ்மால் பஃபர்ஸ், 104 பைட் (டோட்டல் 71, பெர்மனென்ட் 50)
3 இன் ஃப்ரீ லிஸ்ட் (20 மின், 150 மேக்ஸ் அலவுடு)
2918834 ஹிட்ஸ், 41277 மிஸ்ஸஸ், 38120 ட்ரிம்ஸ், 38141 கிரியேட்டட்
19406 ஃபெயிலியர்ஸ் (212 நோ மெமரி)

சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்-இல் பொதுப் பஃபர்கள் அளவு வாரியாக அடுக்கி வைத்த பாத்திரங்கள் மாதிரி. ஸ்மால் 104 பைட், மிடில் 600, பிக் 1536, வெரி பிக் 4520, லார்ஜ் 5024, ஹியூஜ் 18024. வருகிற பாக்கெட்டுக்குப் பொருந்தும் மிகச் சிறிய பாத்திரம் எதுவோ அது எடுக்கப்படும். ஃப்ரீ லிஸ்ட் 'மின்' எண்ணுக்குக் கீழே இறங்கும்போது ஒரு மிஸ் ஏறும், புதிதாகச் சில பஃபர்கள் உருவாக்கப்படும். நெரிசல் குறைந்து ஃப்ரீ லிஸ்ட் 'மேக்ஸ்' எண்ணைத் தாண்டினாலோ, கூடுதலாக உருவாக்கியவை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாலோ, ட்ரிம் செய்து மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாக்கெட் வந்திறங்கி, சிபியு மற்ற வேலையை நிறுத்தி அதைக் கவனிக்கும் இன்டரப்ட் நொடியில் புது பஃபர் உருவாக்க முடியாது. அந்த நொடியில் கையில் பஃபர் இல்லையென்றால் பாக்கெட் கீழே விழுகிறது, அதுதான் ஃபெயிலியர். மிஸ் ஏறுவது சாதாரணம். ஃபெயிலியர் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு கழித்தல் போட்டுப் பார்க்கலாம். உருவாக்கியது 38141, ட்ரிம் செய்தது 38120. மிச்சம் 21. நிரந்தரமாக இருக்கும் 50-ஐக் கூட்டினால் 71, டோட்டலில் இருப்பதும் அதே 71. அதாவது கூடுதலாக உருவாக்கிய பஃபர்கள் அநேகமாக எல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. பஃபர் லீக், அதாவது எடுத்த பஃபர் திரும்பி வராமல் போவது, என்றால் இப்படி இருக்காது. டோட்டல் ஏறிக்கொண்டே போகும், ஃப்ரீ லிஸ்ட் எண்ணிக்கை மட்டும் ஏறாது, ட்ரிம் அசையாமல் நிற்கும். ஃபெயிலியர் எண்ணிக்கையைக் கண்டதும் 'லீக்தான், ஐஓஎஸ்-ஐ மாற்றிவிடலாம்' என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கழித்தலை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். ஷோ இன்டர்ஃபேசஸ் கொடுத்தால், உள் நெட்வொர்க் இருக்கும் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0-இல் இன்புட் க்யூ (வந்த பாக்கெட்டுகள் சிபியுவுக்காகக் காத்திருக்கும் வரிசை) 58/75/88213/0 என்று காட்டியது. இப்போது நிற்பது 58, அளவு 75, விழுந்தவை 88213. இதுவே 76/75 என்று வந்து அங்கேயே உறைந்து நின்றிருந்தால் விஷயம் வேறு. க்யூவுக்குள் போன பாக்கெட்டை யாரும் எடுக்காததால் அந்த இன்டர்ஃபேஸ் செத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். 2003 ஜூலையில் சிஸ்கோ வெளியிட்ட ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை இதைப் பற்றித்தான். புரோட்டோகால் எண் 53, 55, 77, 103 கொண்ட சில ஐபி பாக்கெட்டுகளை அனுப்பி, இன்டர்ஃபேஸின் இன்புட் க்யூவை அடைத்துவிட முடியும் என்றிருந்தது. அன்று உலகம் முழுக்க நெட்வொர்க் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஐஓஎஸ் மாற்றினார்கள். என் பெட்டியில் அந்த எண் 58, 31, 75, 12 என்று ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே அடைப்பு இல்லை, நெரிசல்தான்.

நெரிசல் என்றால் யார் கூட்டம் போடுகிறார்கள்?

கான்ஃபிகில் முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் விட்டுப்போன ஒரு வரியை இந்த இடத்தில்தான் கவனித்தேன். பஃபர்ஸ் ஹியூஜ் பெர்மனென்ட் 200. பஃபர் பிரச்சினை என்று கேள்விப்பட்டு, இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தை வாங்கி அடுக்கியிருக்கிறார். ஒன்று 18024 பைட் வீதம் 200 என்றால் 36 லட்சம் பைட்டுக்கு மேல். ஷோ வெர்ஷனில் இந்தப் பெட்டி 114688கே/16384கே என்று காட்டுகிறது. அதில் இரண்டாவது எண்தான் ஐ/ஓ மெமரி, மொத்தம் 16 எம்பி. அதில் மூன்றரை எம்பியை ஹியூஜ் பூல் பிடித்து வைத்திருந்தது. அதன் ஹிட்ஸ் எத்தனை என்று பார்த்தால் பூஜ்யம். 18 ஆயிரம் பைட் பாக்கெட் அந்த யூனிட்டில் ஒன்று கூட வந்ததில்லை. கெடுதல் எதுவும் செய்யவில்லை என்பது உண்மைதான், பலனும் கிடையாது. பஃபரை டியூன் செய்வது தப்பு என்று சொல்ல வரவில்லை. பெர்மனென்ட்டை வழக்கமான டோட்டலைவிட 20 சதவீதம் கூட்டு, மின் அதில் 20 முதல் 30 சதவீதம் வை, மேக்ஸ் இவை இரண்டின் கூட்டுத்தொகைக்கும் மேலே வை என்று பழைய வழிகாட்டுதல் ஒன்று உண்டு, அது நியாயமானதே. ஆனால் பஃபருக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் எண்ணிக்கையை ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை: ஷோ பஃபர்ஸ் இன்புட்-இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0 பாக்கெட். அந்த இன்டர்ஃபேஸ் வழியாக வந்து இன்னும் பஃபரில் உட்கார்ந்திருக்கும் பாக்கெட்டுகளைப் பதினாறடிமான எண்களில் கொட்டும். நெரிசல் நேரத்தில் திரும்பத் திரும்ப அடித்தால்தான் சிக்கும், மற்ற நேரத்தில் வெறும் திரை. சிக்கியவை எல்லாம் ஒரே முகம். எம்ஏசி முகவரிகளைத் தாண்டி 4500 0030 என்று தொடங்கியது. நான்காம் பதிப்பு ஐபி, தலைப்பு 20 பைட், மொத்த நீளம் 30, அதாவது நம் கணக்கில் 48 பைட். கொஞ்சம் தள்ளி 4000 8006. 80 என்பது டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்) 128, விண்டோஸ் கணினியின் வழக்கம். 06 என்பது டிசிபி. அதன் பிறகு அனுப்பியவர் முகவரி: சி0ஏ8 0ஏ37. சி0 என்றால் 192, ஏ8 என்றால் 168, 0ஏ என்றால் 10, 37 என்றால் 55. எல்லாப் பாக்கெட்டையும் அனுப்பியது 192.168.10.55 என்ற ஒரே ஆள். போக வேண்டிய முகவரி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு, உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று. போர்ட் இருக்கும் இடத்தில் 01பிடி. 256, அதோடு 11 பதினாறு, அதோடு 13. ஆக 445. விண்டோஸ் ஃபைல் ஷேரிங் போர்ட். இணையத்தில் யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் 445-ஐ ஒரு கணினி வரிசையாகத் தட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அது புழு (தானாகவே பரவும் தீய மென்பொருள்) பிடித்த கணினி.

48 பைட் பாக்கெட், ஈதர்நெட் தலைப்பு 14 சேர்த்தால் 62. அது 104 பைட் பாத்திரத்தில்தான் விழும். ஸ்மால் மட்டும் ஏன் தீர்கிறது என்பது இதோடு தெளிவானது.

இதில் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இந்தப் பாக்கெட் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது? செஃப் (பாக்கெட்டை வேகமாகக் கடத்தும் சிஸ்கோவின் முறை) ஓடும் ரவுட்டரில், சாதாரணமாக வழி தெரிந்த பாக்கெட் இன்டரப்ட் நிலையிலேயே மறுபக்கம் போய்விடும். பொதுப் பஃபரைத் தொடாது, இன்புட் க்யூவில் நிற்காது. புழு எத்தனை பாக்கெட் அனுப்பினாலும் அவை வேகமாகக் கடந்து போக வேண்டியவை. அவை சிபியு வரை வந்து வரிசையில் நிற்கின்றன என்றால், எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். ஷோ புராசசஸ் சிபியு-வும் அதையே சொன்னது. 71%/18% என்று இருந்தது. இரண்டாவது எண் இன்டரப்ட் வேலை, கழித்தால் 53 சதவீதம் புராசஸ் வேலை. முதலிரண்டு இடத்தில் ஐபி இன்புட்டும் ஆர்ப் இன்புட்டும்.

ஷோ ஐபி ஆர்ப் அடித்தேன். கன்சோல் 9600-இல் ஓடுகிறது, நொடிக்கு 960 எழுத்து, ஏறக்குறைய பன்னிரண்டு பதின்மூன்று வரி. ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. 61-இல் தொடங்கும் முகவரிகள், 62, 77, 188 என்று எங்கெங்கோ இருக்கும் ஐபிகள். எல்லாவற்றுக்கும் நேராக ஒரே எம்ஏசி முகவரி, எல்லாம் இணைய இணைப்பு இருக்கும் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 பக்கம். தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "என்னங்ணா இது, ஊர்ல இருக்கிற எல்லா மெஷினும் நம்ம சுவிட்ச்லயா மாட்டிருக்கு?" என்றான். அவன் விளையாட்டாகக் கேட்டதைத்தான் ரவுட்டர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்திவிட்டு ஷோ ஆர்ப் சம்மரி கேட்டேன். 41 ஆயிரத்துச் சொச்சம்.

இதற்குக் காரணம் கான்ஃபிகில் இருந்த ஒற்றை வரி: ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1. டிஃபால்ட் ரூட்டில் அடுத்த ரவுட்டரின் ஐபி முகவரியைக் கொடுக்காமல், இன்டர்ஃபேஸின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சீரியல் லைனில் இது பிழையே இல்லை. அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரே ஒருவர்தான் இருப்பார், யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. லீஸ்டு லைன் ஈதர்நெட்டாக மாறியபோது பழைய வரியில் இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஈதர்நெட்டில் அந்த வரிக்கு அர்த்தமே வேறு. உலகத்தின் எல்லா முகவரியும் இந்தக் கம்பியிலேயே நேரடியாக இருக்கின்றன என்று ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு புது முகவரிக்கும் ஒரு ஆர்ப் கேள்வி கிளம்பும். இணைப்பு கொடுத்தவர்களின் கேட்வேயில் ப்ராக்ஸி ஆர்ப் இயங்குகிறது, அது எல்லாவற்றுக்கும் 'நான்தான், என்னிடம் கொடு' என்று பதில் சொல்கிறது. அதனால்தான் எல்லா வரியிலும் ஒரே எம்ஏசி. அந்த ப்ராக்ஸி ஆர்ப் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே இணையம் வந்திருக்காது, முதல் நாளே பிழையும் தெரிந்திருக்கும்.

ஊழியர்கள் சொன்னதும் இப்போது பொருந்துகிறது. புதுத் தளம் என்றால் புது முகவரி, அதற்கு ஆர்ப் முடியும்வரை பாக்கெட் காத்திருக்கும் அல்லது விழும். ஏற்கெனவே போன இடம் என்றால் ஆர்ப் டேபிளில் பதில் தயாராக இருக்கும்.

மெமரி கணக்கும் அப்படியே. ஆர்ப் பதிவு ஒன்று டிஃபால்ட்டாக 14400 நொடி, அதாவது 4 மணி நேரம் தங்கும். சராசரியாக நொடிக்கு மூன்று புது முகவரி என்று வைத்தாலே 4 மணி நேரத்தில் 43,200. ஒவ்வொன்றுக்கும் ஆர்ப் டேபிளில் ஒரு இடம், செஃப் பக்கம் அட்ஜசென்சிக்கு (அடுத்த முனைக்கு அனுப்பும் விவரப் பதிவு) ஒரு இடம், ரூட்டுக்கு ஒரு இடம். எல்லாம் புராசசர் மெமரியிலிருந்து போகிறது. ஷோ புராசசஸ் மெமரி சார்ட்டட் கொடுத்தபோது ஆர்ப் இன்புட்தான் உச்சியில் உட்கார்ந்திருந்தது. ஆக, லாகில் பெயர் வந்தவரே இந்த முறை தின்றவரும். ஐ/ஓ மெமரியில் இடம் கிடந்தது. பஃபரின் உடல் ஐ/ஓ மெமரியில் இருந்தாலும் அதன் தலைப்பு புராசசர் மெமரியிலிருந்து வர வேண்டும். அந்த 212 'நோ மெமரி' ஃபெயிலியர்கள் அங்கேதான் முளைத்தவை. மற்ற 19 ஆயிரத்துச் சொச்சமும் வெறும் நெரிசல். புழு கொத்துக் கொத்தாக அனுப்பும்போது 0/0-இன் க்யூவில் 75 வரை நிற்கும், 0/1 பக்கம் ஆர்ப் பதில்கள் இன்னொரு 75 வரை நிற்கும். கையில் இருக்கும் ஸ்மால் பஃபரோ 50.

சரிசெய்தது சின்ன வேலை. ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்தேன். முகவரி எண்களை இங்கே மாற்றியிருக்கிறேன்: 0/1-இல் இருப்பது 203.0.113.2, மாஸ்க் 255.255.255.252, ஆகவே எதிரே இருக்கும் கேட்வே 203.0.113.1. ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 203.0.113.1 என்று முதலில் போட்டேன், பிங் பார்த்தேன், அப்புறம்தான் பழைய வரியை எடுத்தேன். தூரத்திலிருந்து செய்கிறவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். முதலில் எடுத்துவிட்டால், நீங்கள் ஏறி நிற்கும் கிளையை நீங்களே வெட்டியது போலத்தான். ஹியூஜ் வரியையும் நீக்கினேன். ரைட் மெமரி, பிறகு ஒரு ரீலோட். கிளியர் ஆர்ப் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். 41 ஆயிரம் பதிவு இருக்கும் பெட்டியில், துண்டு துண்டாகச் சிதறிய மெமரியோடு, அதை நான் செய்ய விரும்பவில்லை. ரீலோட் செய்ததில் இன்னொரு வசதி, ஷோ பஃபர்ஸ் எண்களும் பூஜ்யத்திலிருந்து தொடங்கின. கிளியர் கவுன்டர்ஸ் அந்த எண்களைத் தொடாது.

உள் இன்டர்ஃபேஸில் வெளியே போகும் 445-ஐயும் 139-ஐயும் மறிக்கும் ஒரு ஏசிஎல் (எதை விடலாம், எதை மறிக்கலாம் என்ற விதிப் பட்டியல்) போட்டேன். அதன் முடிவில் லாக் என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. சேர்த்தால், மறிக்கப்படும் பாக்கெட்டுகளில் பல லாக் எழுதுவதற்காக சிபியு வரை வரும், எதைத் தவிர்க்கப் போகிறோமோ அதையே அழைத்த மாதிரி ஆகிவிடும். மறித்ததற்கு ரவுட்டர் அனுப்பும் அன்ரீச்சபிள் (போய்ச் சேர முடியாது என்ற) செய்தியைப் பலர் மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. அரை நொடிக்கு ஒன்று என்று அதற்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. மேலும் பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கு என்று சொல்லும் செய்தியும் அதே வகைதான், அதை இழக்கக் கூடாது.

192.168.10.55 எங்கே இருக்கிறது என்று சுவிட்சின் எம்ஏசி டேபிளில் தேடினால் பேக்கிங் செக்ஷன் போர்ட். அட்டைப்பெட்டிக்கு பார்கோடு லேபிள் அடிக்கும் கணினி, விண்டோஸ் எக்ஸ்பி. லேபிள் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது என்பதால் அதை எடுக்க முடியாதாம். மேனேஜரிடம் பேசியதில், "ஏனுங், ஷிப்மென்ட் போற வாரத்துல அதுல கை வெக்காதீங்க" என்றார். சரி, அதைத் துடைத்து மறுபடி நிறுவும்வரை தனி விலானில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) போட்டு, லேபிள் பிரின்டரையும் ஒரு சர்வரையும் தவிர வேறு எங்கும் போக முடியாதபடி செய்தோம்.

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பி கேட்டான். ரூட்டை மட்டும் திருத்தியிருந்தால் ரவுட்டர் பிழைத்திருக்கும், புழு சத்தமில்லாமல் வெளியே தட்டிக்கொண்டே இருந்திருக்கும். கணினியை மட்டும் பிடித்திருந்தால் கொஞ்ச நாளைக்கு நன்றாக ஓடி, அடுத்த புழுவோ, யாராவது டாரன்ட் போட்டதோ அதே டேபிளை மறுபடி நிரப்பியிருக்கும்.

இப்போது ஆர்ப் சம்மரி நூறைத் தாண்டுவதில்லை. மாலை நான்கு மணிக்கும் புராசசர் மெமரியில் காலையில் இருந்த அளவு அப்படியே இருக்கிறது. ஸ்மால் பூலில் ஃபெயிலியர் பூஜ்யம். மிஸ் மட்டும் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஏறுகிறது. இரண்டு நேரங்களில் எண்ணை எடுத்துக் கழித்துப் பார்த்ததில், கண்காணிப்பு மென்பொருள் எஸ்என்எம்பி வழியாக ரூட்டிங் டேபிளையும் ஆர்ப் டேபிளையும் முழுசாக வாசிக்கும் நிமிடங்களோடு அது ஒத்துப்போகிறது. அந்த வாசிப்பை நிறுத்திவிட்டு, இன்டர்ஃபேஸ் எண்களை மட்டும் எடு என்று சொல்லியிருக்கிறேன். கிராஃப் பக்கம் காலியாகத் தெரியுமே என்று தம்பி இழுத்துக்கொண்டிருக்கிறான்.